ஆசிரியருக்குத் தளமா, தளத்திற்கு ஆசிரியரா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பினாங்குத் தீவிலிருந்து பார்த்தால் பைராம் தோட்டம் அப்படியொன்றும் தொலைவில் இல்லை. கடலைத் தாண்டிப் பெருநிலத்திற்கு வந்து, தெற்கு செபராங் பிறையில் நிபோங் திபால் பக்கம் திரும்பினால் வந்துவிடும். 2014 மார்ச்சில் இரண்டாம் பாலம் திறக்கப்பட்ட பிறகு பயணம் இன்னும் சுருங்கிவிட்டது. கரும்பு, பிறகு ரப்பர், பிறகு செம்பனை என்று பயிர் மாறிய வட்டாரம் அது. அதே நிபோங் திபாலில்தான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும் இருக்கிறது. ஒரு பக்கம் பொறியியல் ஆய்வுக்கூடம், மறுபக்கம் தோட்டத் தமிழ்ப்பள்ளி. ஆசிரியர்கள் பாடப்பொருளைப் பகிர்ந்துகொள்ளும் இணையத்தளங்களைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

பைராம், வால்டோர், சங்காட், டிரான்ஸ்கிரியான், ஜாவி என்று தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இந்த வட்டாரத்தில் பல. பினாங்கு மாநிலத்தில் மொத்தம் 28 தமிழ்ப்பள்ளிகள். 1816 அக்டோபர் 21ஆம் நாள் தொடங்கப்பட்ட பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் ஏற்பட்ட தமிழ் வகுப்பிலிருந்துதான் இந்த நாட்டுத் தமிழ்க்கல்வியின் வரலாறு கணக்கிடப்படுகிறது. 2016இல் இருநூறாம் ஆண்டு விழாவும் கொண்டாடியாகிவிட்டது.

வரலாறு பெரிது. ஆனால் பள்ளிகள் சிறியவை. 150 மாணவர்களோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. 30 பேருக்கும் குறைந்தால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் உட்காரவைத்துக் கற்பிக்கும் இணைந்த வகுப்பு. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பகுதி இந்தச் சிறிய பள்ளிகள்தாம். கோலாலம்பூரில் உள்ள பெரிய பள்ளியில் கணிதத்திற்கு மட்டும் ஐந்தாறு ஆசிரியர்கள் இருப்பார்கள். ஒருவர் தயாரித்த பயிற்சித்தாளை மற்றவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சிறிய தோட்டப் பள்ளியிலோ கணிதத்திற்கும் அவரே, நன்னெறிக் கல்விக்கும் அவரே, பிற்பகலில் புறப்பாட நடவடிக்கைக்கும் அவரே! பக்கத்து மேசையில் கேட்க ஆள் இல்லாத அந்த ஆசிரியருக்குத்தான் வளப் பகிர்வுத் தளம் உண்மையிலேயே தேவை. நகரத்து ஆசிரியருக்கு அது வசதி. இவருக்கு அதுதான் ஆசிரியர் அறை.

அப்படியானால் அந்தத் தளம் சரியாக வேலை செய்கிறதா என்று யாரைக் கேட்க வேண்டும்? இவரைத்தானே கேட்க வேண்டும்?

கதை இங்கேதான் கோணலாகிறது.

நுழைந்தவர்களின் கணக்கு

மலேசியக் கல்வியில் கணினித் திட்டங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1999 முதல் 2002 வரை எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் விவேகப் பள்ளி முன்னோடித் திட்டம் நடந்தது. 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை வந்தபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் பாட வட்டுகளும் வழங்கப்பட்டன. ஆகப் பெரியது 2011இல் வந்த ஒன் பெஸ்தாரிநெட். ஒய்.டி.எல். கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின்படி சுமார் 10,000 பள்ளிகளுக்கு இணைய வசதி, அதோடு இங்கிலாந்தில் உருவான ஃபிராக் என்னும் மெய்நிகர் கற்றல் தளம். 15 ஆண்டுகளுக்கான மொத்த மதிப்பு 400 கோடி வெள்ளிக்கும் மேல் என்று சொல்லப்பட்டது. முதல் கட்டத்திற்கு மட்டும் ஏறக்குறைய 66 கோடி வெள்ளி செலவு.

2013ஆம் ஆண்டுக்கான தேசியத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை வெளிவந்தபோதுதான் நாடே திரும்பிப் பார்த்தது. ஆசிரியர், மாணவர், பெற்றோர் என்று யாரை எடுத்துக்கொண்டாலும் அந்தத் தளத்தைப் பயன்படுத்தியோர் 5 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை! நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் விசாரித்தது. 2019 ஜூன் இறுதியோடு இரண்டாம் கட்டம் முடிந்தபோது கல்வியமைச்சு திட்டத்தைத் தொடரவில்லை. ஜூலை முதல் கூகுள் கிளாஸ்ரூம் அந்த இடத்திற்கு வந்தது. 2020 ஜூனில் கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் மூன்றையும் ஒரே வாசலில் வைத்து டெலிமா தொடங்கப்பட்டது.

ஃபிராக் தளத்தை ஆர்வத்தோடு பயன்படுத்திய ஆசிரியர்களும் இருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. இணைய அலை எட்டாத மூலைகளில் பள்ளிகள் இருந்ததும் உண்மை. ஆனால் அந்த நாள்களில் காப்பிக்கடை முதல் கருத்தரங்கு வரை எழுந்த பேச்சு என்ன? "ஆசிரியர்களுக்கு ஆர்வம் இல்லை", "பழைய ஆசிரியர்கள் மாற மறுக்கிறார்கள்" என்பதுதான். கணக்காய்வாளரின் எண் எத்தனை பேர் வாசலைத் தாண்டினார்கள் என்று சொல்லும். வாசல்வரை வந்தவர் ஏன் திரும்பிப் போனார் என்று அது சொல்லாது. கடவுச்சொல் மறந்து போனாரா? தேடியது கிடைக்கவில்லையா? கிடைத்ததைத் திறந்தபோது எழுத்து சிதைந்து வந்ததா? இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஓர் ஆசிரியரின் பக்கத்தில் வாய் மூடி உட்கார்ந்து பார்க்க வேண்டும். பயன்பாட்டுச் சோதனை என்பது அவ்வளவுதான்.

வாய் மூடி உட்காருதல்

பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். 1982இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் என்பவர் எழுதி வைத்த முறை இன்றைக்கும் அடிப்படை. பயனரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, செய்யும்போதே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது. அவர் எங்கே தயங்குகிறார், எதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார் என்று குறித்துக்கொள்வது. 1998இல் அனைத்துலகத் தர அமைப்பு வெளியிட்ட 9241 வரிசையின் 11ஆம் பகுதி, அளக்க வேண்டியவற்றை மூன்றாகச் சொன்னது. வேலை முடிந்ததா, எவ்வளவு நேரமும் உழைப்பும் பிடித்தது, செய்தவருக்கு மனநிறைவா. தமிழில் சொன்னால் முடிந்ததா, சுளுவாக முடிந்ததா, மறுபடி வருவாரா!

எத்தனை பேர் வேண்டும்? இதில்தான் ஒரு பெரிய சண்டையே நடந்தது. ஜேக்கப் நீல்சன் என்ற டென்மார்க்காரர் 2000 மார்ச்சில், ஐந்து பேர் போதும் என்று எழுதினார். ஒருவரைச் சோதித்தால் சராசரியாக 31 விழுக்காடு குறைகள் தெரியவரும், ஐந்து பேரில் 85 விழுக்காடு வந்துவிடும் என்பது அவர் கணக்கு. மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள், பொருள் விற்கும் தளங்களை 49 பேரைக் கொண்டு சோதித்துவிட்டு, முதல் ஐந்து பேர் காட்டியது 35 விழுக்காடுதான் என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. எல்லாரும் ஒரே மாதிரி ஆள், வேலையும் சிறியது என்றால் ஐந்து போதும். ஆள்கள் பலவகை, வேலைகளும் பலவகை என்றால் போதாது. தோட்டப் பள்ளியின் மூத்த ஆசிரியை வேறு. பயிற்சிக் கழகத்திலிருந்து போன மாதம் வந்த இளைஞர் வேறு. நீல்சனே சொன்ன ஒரு வழி இருக்கிறது. 15 பேரை ஒரே நாளில் சோதிப்பதைவிட, ஐந்து பேரைச் சோதித்து, கண்ட குறையைத் திருத்தி, மறுபடி ஐந்து பேர், மறுபடி ஐந்து பேர் என்று மூன்று முறை செய்வது. சிறிய பள்ளிகளுக்கு இதுதான் பொருந்தும். பைராம் போன்ற ஒரு பள்ளியில் ஒரே நாளில் 15 ஆசிரியரை எங்கே போய்த் தேடுவது?

தமிழ் ஆசிரியரிடம் இந்தச் சோதனையை நடத்தும்போது வெளிநாட்டுப் புத்தகத்தில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. மரியாதை!

கல்வி இலாகாவிலிருந்து ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், அந்த ஆசிரியை தளத்தைக் குறை சொல்வாரா? "நல்லாத்தான் சார் இருக்கு" என்பார். தேடியது கிடைக்காவிட்டால், "எனக்குத்தான் சார் கம்ப்யூட்டர் அவ்வளவா வராது" என்று பழியைத் தம்மேல் போட்டுக்கொள்வார். தலைமையாசிரியர் பின்னால் நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே அதிகாரி யாரும் அறையில் இருக்கக்கூடாது. உட்காருகிறவர் தம் வாயால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: "டீச்சர், இன்னைக்குப் பரீட்சை உங்களுக்கு இல்லை, இந்தத் தளத்துக்குத்தான். நீங்க எங்கெல்லாம் தடுமாறுறீங்களோ அங்கெல்லாம் அது தோத்துப்போச்சுன்னு அர்த்தம்." சொன்ன பிறகும் கை நீண்டு, "இதோ இங்கே அழுத்துங்க டீச்சர்" என்று காட்டிக் கொடுத்துவிடாமல் இருக்க வேண்டும். அது இருக்கிறதே, தவம்! பக்கத்தில் ஒருவர் திணறும்போது உதவாமல் இருப்பது நம் மக்கள் வளர்ந்த முறைக்கே எதிரானது. ஆனால் காட்டிக் கொடுத்த அந்த நொடியோடு சோதனை முடிந்துபோகிறது.

"பிடித்திருக்கிறதா?" என்று கேட்பதும் வீண். வேலையாகக் கொடுக்க வேண்டும். அதுவும் அவருடைய வேலையாக இருக்க வேண்டும். "தளத்தின் தேடல் வசதியைப் பயன்படுத்துக" என்பது வேலை ஆகாது. "நாளைக்கு முதல் பாடவேளை நான்காம் ஆண்டுக்குப் பின்னம். பாதிப் பேருக்கு எளிமையான பயிற்சித்தாள் வேண்டும். எடுத்துக் கொடுங்கள்" என்றால் அது வேலை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

தேடு பெட்டிக்குள் தமிழ்

அந்த ஆசிரியை தேடு பெட்டியில் என்ன தட்டுவார்? தமிழ்ப்பள்ளிக்கென்று தளம் கட்டுகிறவர்கள் ஆயுதபூசைக்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி இது.

"பின்னம்" என்று தமிழில் தட்டலாம். கலைத்திட்ட ஆவணத்தை மலாயில் பார்த்துப் பழகியவர் "பெச்சாஹான்" என்று தட்டுவார். ஆங்கில வழிக் காலத்தில் கற்பித்தவர் "ஃபிராக்ஷன்" என்று தட்டுவார். கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை போடாதவர் ரோமன் எழுத்தில் "பின்னம்" என்று எழுதுவார். நான்கும் ஒரே பொருள். தளமோ நான்கையும் நான்கு பொருளாக எடுத்துக்கொள்ளும். எதிர்ப்பக்கத்தில், பயிற்சித்தாளைப் போட்டவர் கோப்புக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "தாஹுன் 4 கடைசி புதுசு 2". அதில் பின்னமும் இல்லை, பெச்சாஹானும் இல்லை!

தமிழிலேயே சரியாகத் தட்டினாலும் தொல்லை தீராது. "பின்னம்" என்று தேடினால் "பின்னங்கள்" கிடைக்காமல் போகலாம். "பின்னத்தைச் சுருக்குதல்" கிடைக்காமல் போகலாம். வேற்றுமை உருபு ஏறினால் சொல்லின் வாலே மாறிவிடும் மொழி இது. ஆங்கிலத்திற்கென்று எழுதிய தேடுபொறிக்கு அது தெரியாது.

இதைவிட நுட்பமான கோளாறு எழுத்துருவில் இருக்கிறது. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அமைக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம்; ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் அந்தச் சமன்படுத்தலைச் செய்யாத தளத்தில் ஒன்றைத் தேடினால் மற்றது வராது. "கௌ" என்பதற்குக் கொம்போடு "ள" எழுத்தைச் சேர்த்துத் தட்டுகிறவர்களும் ஏராளம். "கௌதாரி"யைத் தேடினால் காணோம் என்றுதான் தளம் சொல்லும். பறவை உள்ளேயே உட்கார்ந்திருக்கும்!

பழைய கோப்புகளின் கதை இன்னும் சோகம். யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஓர் எழுத்துக் குறியீடு இருந்தது. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த மண்ணைச் சேர்ந்தவர் என்பதும், 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது என்பதும் மலேசியத் தமிழர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடியவை. திஸ்கி, தாப், தாம், பாமினி என்று பல குறியீடுகள் உலவிய அந்தக் காலத்தில் ஆசிரியர்கள் இரவு கண்விழித்துத் தட்டிய பயிற்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வருவது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. தேடவும் முடியாது, படிக்கவும் முடியாது. அச்செடுத்து வருடிப் போட்ட கோப்புகளின் கதியும் அதேதான். கணினிக்கு அவை படங்கள், சொற்கள் அல்ல.

இவற்றையெல்லாம் வரைபலகை முன் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க நிபுணர்களுக்கு ஒரு வருடம் ஆகலாம். ஐந்து ஆசிரியர்களை உட்காரவைத்தால் ஒரு பிற்பகலில் பாதி வெளிவந்துவிடும்.

தேடுதலையே இல்லாமல் செய்துவிட்ட வழியும் உண்டு. இந்தியாவில் 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, தீக்‌ஷா என்ற தேசியத் தளம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2018இல் புதிய பாடநூல்கள் வந்தபோது பாடங்களின் ஓரத்தில் கியூஆர் குறியீட்டை அச்சடித்தார்கள். ஆசிரியர் தட்டவே வேண்டாம். பாடநூலைத் திறந்து கைப்பேசியைக் காட்டினால் அந்தப் பாடத்திற்குரிய காணொளியோ பயிற்சியோ வந்து நிற்கும். குறியீட்டின் கீழேயே ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த சிறு அடையாளம். கேமரா சரியில்லாதவர் அதைத் தட்டினால் போதும். ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் இல்லாத வகுப்பறையிலும் ஓடும். ஆசிரியரின் கையில் ஏற்கெனவே இருக்கும் பொருள் பாடநூல். வாசலை அதிலேயே வைத்துவிட்டார்கள். இது நல்ல யோசனை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே வருவது பெரும்பாலும் மேலிருந்து தயாரித்துக் கொடுத்த பொருள். சக ஆசிரியர் தயாரித்ததைப் பகிர்வது வேறு விவகாரம்.

எடுக்க வருவார், போட வருவாரா?

பெரும்பாலான சோதனைகள் இறக்குவதை மட்டும் பார்க்கின்றன. தளம் செத்துப்போவதோ ஏற்றும் இடத்தில்!

ஒரு பயிற்சித்தாளை ஏற்ற வருகிற ஆசிரியரைப் பாருங்கள். தலைப்பு, பாடம், ஆண்டு, உள்ளடக்கத் தரம், கற்றல் தரம், திறன், சொற்குறிப்பு, உரிமம் என்று கட்டங்கள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றிலும் சிவப்பு நட்சத்திரம், கட்டாயம் நிரப்ப வேண்டும். கட்டத்தின் பெயர்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ. உரிமம் என்ற இடத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் வகைகள். 2002இல் வந்த நல்ல ஏற்பாடு அது. தம் படைப்பைப் பிறர் எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே அறிவிக்கும் முறை. அதே 2002இல்தான் யுனெஸ்கோ திறந்த கல்வி வளம் என்ற பெயரையே சூட்டியது. ஜார்ஜ்டவுனில் இயங்கும் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2012இல் இதுபற்றி ஆசிய அளவில் பினாங்கிலேயே கருத்தரங்கு நடத்தியது. இத்தனையும் நடந்தும், பள்ளி முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கும் ஆசிரியையின் முன்னால் அந்தச் சுருக்கெழுத்துகளை நீட்டினால் அவர் என்ன செய்வார்? மூடிவிட்டு, கோப்பைப் புலனக் குழுவில் தள்ளிவிட்டுப் போவார். மூன்று நொடி வேலை!

புலனத்தையும் டெலிகிராமையும் குறைத்துப் பேசும் நிபுணர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர்கள் பகிரத் தயங்குகிறார்கள் என்பது பொய். தினமும் பகிர்கிறார்கள். குழுவில் போட்டது பத்து நாளில் மேலே போய்விடும், மறுபடி தேடினால் கிடைக்காது என்று தெரிந்தும் பகிர்கிறார்கள். கட்டத்தை நிரப்பத்தான் தயங்குகிறார்கள். புலனம் போன்ற எளிய வாசலும், நூலகம் போன்ற ஒழுங்கான அலமாரியும் ஒன்றாக வேண்டும். ஏற்றும்போது ஆண்டு, பாடம் என்ற இரண்டை மட்டும் கேட்டுவிட்டு, மற்றதைப் பிறகு பயன்படுத்துகிறவர்களே சேர்க்கும்படி விட்டால் என்ன? சோதித்துப் பார்க்க வேண்டிய கேள்வி.

கட்டங்களுக்கு அப்பால் ஒரு கூச்சமும் இருக்கிறது. தமிழாசிரியர் மட்டுமே அறிந்த கூச்சம். ஒற்று மிகுமா மிகாதா? நாடு முழுவதும் உள்ள தமிழாசிரியர்கள் பார்க்கும் இடத்தில் தம் பெயரோடு ஒரு தாளைப் போட்டு, அதில் ஒரு வல்லினம் விடுபட்டிருந்தால்? பயிற்சி எவ்வளவு அருமை என்று ஒருவர் சொல்லுமுன் பிழையைச் சுட்ட பத்துப் பேர் வந்துவிடுவார்கள். நல்ல பயிற்சித்தாள்கள் பல இந்த அச்சத்தாலேயே மடிக்கணினிக்குள் தூங்குகின்றன. பொதுவில் கருத்திடாமல், ஏற்றியவருக்கு மட்டும் திருத்தம் அனுப்பும் பொத்தான் ஒன்று இருந்தால் எத்தனை பேர் துணிவார்கள் என்று பார்க்கலாம்.

மறுபக்கம், தம் பெயரை வெட்டிவிட்டு வேறொருவர் பெயரோடு அதே தாள் திரும்பி வருவது. இந்த மனக்கசப்பைப் பல ஆசிரியர்கள் சொல்லக் கேட்கலாம். 2006இல் நியூயார்க் ஆசிரியர் ஒருவர் தொடங்கிய டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ் என்ற தளம் இதற்கு அமெரிக்க விடையைக் கண்டது: விற்றுக்கொள்! தமிழ்ப்பள்ளிச் சூழலுக்கு அது ஒத்துவருமா என்பது ஐயம்தான். பெயர் நிலைத்தால் போதும் என்பவர்களே இங்கு அதிகம். இறக்கும் ஒவ்வொரு தாளின் அடியிலும் தயாரித்தவர் பெயரும் பள்ளியின் பெயரும் தானாகவே அச்சாகும்படி செய்யலாம். சிறிய தோட்டப் பள்ளி ஒன்றின் பெயர் ஜோகூரில் ஒரு வகுப்பறையில் வாசிக்கப்படுவது சிறிய காரியமா?

மதிப்பெண்ணும் அதன் பொய்யும்

சோதனை முடிந்ததும் மதிப்பெண் கேட்பார்கள். இதற்கு ஜான் புரூக் என்பவர் 1986இல் இங்கிலாந்தில் டிஜிட்டல் நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கிய பத்து வாக்கிய அளவுகோலைத்தான் உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் எவ்வளவு ஏற்கிறீர்கள் என்று ஐந்து படியில் குறிக்க வேண்டும். கணக்குப் போட்டால் 100க்கு ஒரு மதிப்பெண் வரும். நூற்றுக்கணக்கான ஆய்வுகளின் சராசரி 68. அதற்கு மேல் இருந்தால் பரவாயில்லை.

இதைத் தமிழில் பெயர்க்கும்போது கவனம் வேண்டும். பத்தில் ஐந்து வாக்கியம் புகழ்ச்சி, ஐந்து குறை; மாறி மாறி வரும். "இத்தளம் தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது என்பதை முற்றிலும் ஏற்கவில்லை" என்று குறிக்கப் போகிற ஆசிரியர், எதிர்மறைக்குள் எதிர்மறை மாட்டிக்கொண்டு, எதிர்ப் பக்கத்தில் குறித்துவிட வாய்ப்பு அதிகம். அளவுகோலையே முதலில் இரண்டு பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திற்கும் என்ன பொருள் கொண்டார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. முன்பு சொன்ன மரியாதையும் இங்கே புகுந்து மதிப்பெண்ணைக் கூட்டிவிடும். 80 மதிப்பெண் கொடுத்துவிட்டு ஒரு தாளைக்கூட இறக்க முடியாமல் எழுந்து போன ஆசிரியர் இருந்தால், இறக்க முடியாமல் போனதைத்தான் நம்ப வேண்டும்.

எந்தக் கருவியில் சோதிப்பது என்பதும் அற்பக் கேள்வி அல்ல. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வியமைச்சு ஓர் ஆய்வு நடத்தியது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியுமே இல்லை என்று தெரியவந்தது. இருந்தவர்களிலும் பெரும்பாலோரிடம் இருந்தது கைப்பேசிதான். மடிக்கணினி வைத்திருந்தவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆசிரியர் தளத்திலிருந்து எடுத்த பயிற்சி கடைசியில் போய்ச் சேருவது அந்தச் சிறிய திரைக்கு, பல வீடுகளில் அப்பா வேலை முடிந்து வந்த பிறகு இரவில் கிடைக்கும் திரைக்கு. ஆகவே குளிரூட்டிய அறையில் பெரிய திரைக் கணினியை வைத்து நடத்தும் சோதனை பாதிச் சோதனை. ஆசிரியரின் சொந்தக் கைப்பேசி, அவர் காசு கட்டும் இணையச் சேவை, அவர் வழக்கமாக உட்காரும் மேசை. அங்கே 20 மெகாபைட் கோப்பு எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். நுழைவுப் பெயராக நீண்ட எண் ஒன்றைக் கொடுத்திருந்தால் அது அவருக்கு நினைவிருக்கிறதா, மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறாரா என்பதும் அப்போதுதான் தெரியும்.

கடைசியாக ஒரு சோதனை. இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஆசிரியர் இதுவரை போட்டு வைத்த எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் திரும்ப எடுத்துக்கொள்ள முடிகிறதா? 2011 முதல் 2020 வரை பத்தே ஆண்டுகளில் இந்நாட்டு ஆசிரியர்கள் மூன்று தளங்களைப் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் புதிய நுழைவுப் பெயர், புதிய பயிலரங்கு, புதிய கையேடு. நான்காவது ஒன்று வராது என்று யாரும் கையடித்துச் சொல்ல முடியாது. அதனால் ஆசிரியரிடம் கொடுக்கும் வேலைப் பட்டியலில் இதையும் எழுதிக்கொள்ளலாம்: "அடுத்த மாதம் இந்தத் தளம் மூடப்படுகிறது. உங்கள் 40 பயிற்சித்தாள்களையும் ஒரு விரலியில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்." கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாய் மூடி உட்கார்ந்து பார்க்கலாம்.